மரத்துக்குச் சாயமா, பெயிண்டா?

நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு ஓசூர் வந்தபோது ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுவந்தாள். மரத்துண்டுகளைக் கோத்து ஒட்டி ஒரு மாட்டுவண்டி செய்ய வேண்டும். மாடல் கிட் என்று சொல்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், விருப்பப்படி சாயம் ஏற்றலாம் அல்லது பெயிண்ட் அடிக்கலாம் என்று போட்டிருந்தது. "தாத்தா, எது நல்லது?" என்று கேட்டாள். அவள் தம்பிக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். ஆகவே கேள்வி அவள் நினைத்த அளவுக்குச் சின்னதல்ல.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். "இதற்கு முதலில் 1792-க்குப் போக வேண்டும்" என்றேன். அவள் ஓடிவிட்டாள். நீங்கள் ஓட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி அதில் போனது. ஆனால் மலைக்கு மேலே இருக்கும் நம் ஓசூர்ப் பக்கம் மைசூரோடு இருந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் இதுவும் கம்பெனி கைக்கு வந்தது. அதாவது அதுவரை ஓசூருக்கும் சென்னபட்டணாவுக்கும் ஒரே அரசன். நடுவில் மாநில எல்லை கிடையாது, செக்போஸ்ட் கிடையாது.

சென்னபட்டணா, பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. கன்னடத்தில் 'பொம்பெகள ஊரு', பொம்மைகளின் ஊர் என்பார்கள். பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இந்தக் கலையைத் திப்புதான் அங்கே ஊன்றினார் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. செவிவழிச் செய்தியாக அதை வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் காலத்து கெசட்டியர்கள் சென்னபட்டணாவைப் பற்றிச் சொல்லும்போது அரக்குச் சாமான்களையும் பொம்மைகளையும், இசைக்கருவிகளுக்கான மெல்லிய எஃகுக் கம்பியையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியப் பொம்மை முறைகளைக் கற்று இங்கே புகுத்தினார். இன்று நாம் காணும் சென்னபட்டணா பொம்மைக்கு அவரையே தந்தை என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், திப்புவின் பெயரோடு உலகப் புகழ்பெற்ற மரப்பொம்மை ஒன்று இருக்கிறது. அது அரக்குப் பொம்மை அல்ல, பெயிண்ட் பொம்மை. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் மீது புலி பாய்ந்து கடிக்கும் அந்தப் பெரிய பொம்மையைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவனின் கை மேலும் கீழும் ஆடும். உள்ளே காற்றுத்துருத்தியும் குழல்களும் உள்ளன. 1799-இல் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டு விழுந்து கூரை சரிந்து பொம்மை துண்டு துண்டானது. பிறகு ஒட்டவைத்தார்கள். இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புலிக்கு ஏன் பெயிண்ட்? வரி வேண்டும், கண் வேண்டும், சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு வேண்டும். இதையெல்லாம் சாயம் ஏற்றிச் செய்ய முடியாது. சாயம் மரத்துக்குள் இறங்கி நார் வழியே கசியும், கோட்டுக்குள் நிற்காது. பெயிண்ட் மேலே உட்கார்ந்துகொண்டு மரத்தை மறைத்துவிடும். பார்க்கிறவன் புலியைப் பார்க்க வேண்டும், மரத்தைப் பார்க்கக் கூடாது என்றால் பெயிண்ட்தான் வழி.

சென்னபட்டணாக்காரர்கள் செய்வது இந்த இரண்டிலும் சேராது. அது எப்படி என்று சொல்கிறேன்.

மரத்தை நன்றாகக் காயவைத்துக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிடுவார்கள். உளியால் உருவம் கடைவார்கள். பிறகு, சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை மரத்தின் மேல் அழுத்துவார்கள். அந்த உராய்வில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பற்றிக்கொள்ளும். தூரிகை இல்லை, தின்னர் இல்லை, காயவைக்கும் வேலை இல்லை. கடைசியில் தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு வரும். நம் வீட்டுப் பெண்கள் தலையில் வைக்கும் தாழம்பூவின் அதே தாழைதான்.

அரக்கு ஒரு பூச்சி தரும் பிசின். பூவரசு போன்ற நாட்டு மரங்களைப் போலவே பலாச மரத்தையும், இலந்தையையும் நாம் அறிவோம். பலாசம், இலந்தை போன்றவற்றின் சிறு கிளைகளில் அந்தப் பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சுரண்டி உருக்கினால் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டினார்களே, அதே அரக்கு மாளிகை அரக்கு. என் வயதுக்காரர்கள் கேட்ட பழைய 78 சுழற்சி இசைத்தட்டும் அரக்கில் செய்ததுதான். மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் இன்றும் பூசுகிறார்கள். எனவே குழந்தையின் வாய்க்கு அது புதிய பொருள் அல்ல.

இனி மரத்துக்கு வருவோம். இந்தப் பகுதியைத்தான் பேத்தியிடம் சொல்ல ஆசைப்பட்டேன்.

சென்னபட்டணாவில் வழிவழியாகப் பயன்படுத்திய மரத்தைக் கன்னடத்தில் 'ஹாலெ மர' என்பார்கள். பத்திரிகைகளில் இதை ஆலமரம் என்று எழுதிவிடுகிறார்கள். அதுவல்ல. தமிழில் சொல்லின் முதலில் வரும் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆகும் என்பது எல்லையோரத்தில் வாழும் நமக்குத் தெரிந்ததுதான். பால் அங்கே ஹாலு. பள்ளி அங்கே ஹள்ளி. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியின் பள்ளியும் அதே சொல். அப்படியானால் ஹாலெ என்பது என்ன? பாலை! நம் வெட்பாலை. கிள்ளினால் பால் வடியும் மரம். வெள்ளையாக, நெருக்கமான நாரோடு, தந்தம் போல இருக்கும் அதன் கட்டை. கடைசலுக்கு அவ்வளவு இணக்கம்.

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சில நாளில் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். தோல் வியாதிக்குச் சித்த மருத்துவர்கள் தரும் வெட்பாலைத் தைலம் அதுதான். அந்த மரத்தின் தாவரவியல் பெயர் ரைட்டியா டிங்டோரியா. டிங்டோரியா என்றால் சாயத்துக்குரியது என்று பொருள். கம்பெனி காலத்தில் ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் தோட்டம் வைத்திருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் இதன் இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்துக் காட்டினார். அவுரி நீலத்துக்கு மாற்றாகப் 'பாலா இண்டிகோ' என்ற பெயரில் தென்னிந்தியாவில் அது தயாரானது. ஆக, இலை சாயம் கொடுக்கிறது, கட்டை வெள்ளையாக நின்று வேறு சாயத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரே மரம்.

நமக்கு இன்னொரு பொம்மை மரமும் இருக்கிறது. திருப்பதி, திருச்சானூர் பக்கத்து மரப்பாச்சி. செம்மரம், அதாவது செஞ்சந்தனம். கொலுவில் முதல் படியில் ஜோடியாக வைப்போம். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு அனுப்புவோம். அதற்கு நம் முன்னோர் சாயமும் ஏற்றவில்லை, வண்ணமும் பூசவில்லை. புடவை கட்டினார்கள், நகை போட்டார்கள், ஆனால் மேனியைத் தொடவில்லை. காரணம் எளிது. அந்த மரமே சாயம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் இந்த மரத்தைச் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலில் ஏற்றிப்போனது பொம்மை செய்ய அல்ல, துணிக்குச் சிவப்புச் சாயம் போட. அவர்கள் பொடி செய்து கம்பளியில் ஏற்றினார்கள். நாம் குழந்தை கையில் கொடுத்தோம். கடித்தாலும் சப்பினாலும் கெடுதல் இல்லை என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. கல்லில் இழைத்து மருந்தாகவும் தடவினார்கள்.

மூன்றாவது வகை, விஜயவாடா பக்கத்துக் கொண்டபள்ளி பொம்மை. அங்கே கிடைக்கும் தெல்ல பொணிகி என்ற மரம் நெட்டி போல லேசானது, மிருதுவானது. துண்டுகளைச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த விழுதால் ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள். அந்த மரத்துக்குக் காட்டிக்கொள்ள நாரழகு இல்லை. ஒட்டும் தெரியக் கூடாது. அங்கே பெயிண்ட் அடிப்பதுதான் சரி.

ஆக, சாயமா பெயிண்டா என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் மரம்தான், மனிதன் இல்லை. நம் கோயில்களிலேயே பாருங்களேன். தேரில் செதுக்கிய சிற்பங்கள் பெரும்பாலும் மரமாகவே, எண்ணெயும் காலமும் ஏறிக் கறுத்துக் கிடக்கும். அதே கோயிலின் குதிரை வாகனமும் யானை வாகனமும் பளிச்சென்று வண்ணத்தில் நிற்கும். இரண்டும் மரம்தான், ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு.

இத்தோடு நிறுத்தினால் "பழைய முறையே சிறந்தது, சாயமே நல்லது" என்று பின்னூட்டம் போட்டுவிடுவீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

நாடகக்காரர்கள் அரிதாரம் பூசினார்கள் என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். அதில் இருப்பது ஆர்சனிக். பழைய ஓவியர்களின் பளீர்ச் சிவப்பான சாதிலிங்கத்தில் பாதரசம். செந்தூரமாக விற்ற ஒரு வகைச் சிவப்பு, ஈயம். எல்லாம் நம் மண்ணின் பழைய வண்ணங்கள்தாம். அரக்கு நல்லது என்பதற்காக அதில் கலந்த நிறமும் நல்லது என்று ஆகிவிடாது. குச்சிக்குள் மஞ்சள் கலந்தால் மஞ்சள், ஈயம் கலந்தால் ஈயம். சென்னபட்டணாவிலும் மலிவான இரசாயன நிறங்கள் புகுந்த காலம் உண்டு. பிறகு மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களைச் சில அமைப்புகள் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் வெளுக்கும். குழந்தைக்கு நல்லதாக இருப்பது கடைக்காரருக்கு நல்லதாக இருக்காது. கண்ணாடி அலமாரியில் ஆறு மாதம் இருந்தால் நிறம் போய்விடும்.

ஈயத்தின் கதை இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் ஒரு மர்ம நோய்க்குக் காரணம் வராந்தாக் கைப்பிடிகளின் பெயிண்ட் என்று 1904-இலேயே எழுதினார். வெயிலில் பெயிண்ட் பொடியாக உதிரும். குழந்தை அதைத் தொட்டுவிட்டு விரல் சப்பும். ஈய உப்புகளுக்கு லேசான இனிப்பும் உண்டு. 1922-இல் குயின்ஸ்லாந்து, குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்டைத் தடை செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. நடுவில் 95 ஆண்டுகள். எத்தனை தலைமுறைத் தொட்டில்களுக்கும் நடைவண்டிகளுக்கும் என்ன பூசினோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணக்கார நாடு என்றால் தப்பித்துவிட்டதா? 2007-இல் அமெரிக்காவில் 'தாமஸ்' மர ரயில் பொம்மைகள் சுமார் 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றார்கள். சீனாவில் செய்த அந்த வண்டிகளின் சிவப்பு, மஞ்சள் பெயிண்டில் ஈயம். நல்ல மரம், நல்ல கடைசல், விலையும் அதிகம். மேலே பூசியதுதான் விஷம். அடுத்த ஆண்டே அங்கே பொம்மைகளுக்குக் கடுமையான சட்டம் வந்தது.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. சென்னபட்டணா பொம்மைக்கு அந்தக் குறியீடு இருக்கிறது. இந்த விலக்கு இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணையில் கடைசல் வைத்திருப்பவர் பரிசோதனைக் கட்டணம் கட்டியே மூழ்கியிருப்பார். எனவே நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் கேள்வி கேட்கும் வேலை நம்முடையதாகிறது. "இந்தச் சிவப்பு எதில் செய்தது?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தெரிந்து செய்கிறவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

சாயத்திலும் பொய் உண்டு. செம்மரம் இப்போது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மரம். 1995 முதல் பன்னாட்டு சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கிறது. எனவே ஏதோ ஒரு வெள்ளை மரத்தில் மரப்பாச்சி செதுக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிச் செம்மரம் என்று விற்கிறார்கள். பெயிண்ட் அடித்திருந்தால் பார்த்ததுமே தெரிந்திருக்கும். சாயம் நாரைக் காட்டுவதால் நம்பிவிடுகிறோம். செம்மரத்தின் நிறம் சாராயத்தில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஈரத்துணியால் துடைக்கும்போது துணி சிவந்தால் சந்தேகப்படுங்கள். கையில் கனம் பாருங்கள். நல்ல செம்மரம் பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கும்.

இந்தக் கதையெல்லாம் ஓசூரில் வாழும் நமக்குக் கொஞ்சம் வேற்றுமொழி மாதிரி. இங்கே தெருவுக்கு இரண்டு பேர் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறார்கள். என் பழைய மாணவர் ஒருவர் வண்டித் தொழிற்சாலையில் அந்தப் பிரிவில் இருக்கிறார். கிட்டைக் காட்டி அவரையும் கேட்டேன். "ஐயா, எங்கள் தகட்டுக்கு முதலில் மின்சாரத் தொட்டியில் முக்கு, பிறகு பிரைமர், பிறகு கலர், பிறகு கிளியர் கோட். தகடு அசையாது. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். கெட்டியாக எனாமல் அடித்தால் வெடிக்கும்" என்றார். அதோடு ஒரு நல்ல யோசனையும் சொன்னார். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் என்றால் ஒட்டுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

கிட்டில் இருந்தது ஒட்டுப்பலகை. லேசரில் வெட்டியதால் ஓரமெல்லாம் கருகிப் பழுப்பாக இருந்தது. பெயிண்ட் அடித்தால் அது மறையும், சாயம் என்றால் தெரியும். பேத்திக்கு அந்தக் கருகல் பிடித்திருந்தது. "வண்டிச் சக்கரம் அப்படித்தானே இருக்கும்" என்றாள். சரி என்றேன். கெட்டியான டீ டிகாக்‌ஷன் போட்டுத் துணியில் தொட்டு இரண்டு முறை தடவினோம். நல்ல தவிட்டு நிறம் வந்தது. காய்ந்த பிறகு ஒட்டினோம். செதில் செதிலாகக் கிடைக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. ஸ்பிரிட் வாசனை முழுக்கப் போகும்வரை சின்னவன் கண்ணில் காட்டவில்லை.

மாட்டுக் கொம்புக்கு மட்டும் பெயிண்ட். ஈயம் இல்லை என்று டப்பாவில் அச்சிட்டிருந்த தண்ணீர்ப் பெயிண்டில், ஒரு கொம்பு நீலம், ஒரு கொம்பு சிவப்பு. அது என் முடிவல்ல, மாட்டுப் பொங்கலின் முடிவு.

ஒரு உதவி வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கத்து நண்பர்கள் வெட்பாலையை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அந்தக் கட்டையில் பம்பரமோ, நடைவண்டியோ, மத்தோ கடைந்து பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதற்கு என்ன பூசினார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.